நத்தார் தாத்தாவின் சின்ன வயதுக் கதையைக் கட்டுவது எப்படி

"அம்மம்மா, நத்தார் தாத்தாவுக்கும் அம்மம்மா இருந்தவவோ?"

பேரனுக்கு அப்போது ஐந்து வயது. நான் பயற்றம் பணியாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மா. யோசிக்காமல் "ஓம், இருந்தவ" என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டானா? அவவின்ர பேர் என்ன, எங்க இருந்தவ, தாத்தா சின்னனில குழப்படியோ, அடி வாங்கினவரோ என்று மா அரித்து முடியும் வரைக்கும் கேள்வி.

யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான நாவாந்துறையில் இருபத்திரண்டு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். கதைக்குப் பஞ்சமில்லாத ஆள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. ஆனால் நத்தார் தாத்தாவைப் பற்றி நான் சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் அவர் வரும்போதே கிழவர்தான். வெள்ளைத் தாடியோடு பிறந்தவர் மாதிரி. அன்றைக்குத் தொடங்கி இரண்டு மூன்று நத்தாருக்கு இந்தக் கதையைக் கட்டினேன், பிரித்தேன், திரும்பக் கட்டினேன். இப்போது ஓரளவுக்கு நிற்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்கிற பிள்ளை இருந்தால், எனக்குச் சரிவந்த முறை இது.

முதலில் தடி நடுங்கள். எங்கள் அப்பா களங்கண்ணி, அதாவது கரைக்கடலில் தடி நட்டுக் கட்டுகிற மீன்பிடி வலை, கட்டுகிறவர். ஆழம் பார்த்து, நீரோட்டம் பார்த்து, தடிகளைச் சேற்றில் இறுக்கி நட்ட பிறகுதான் வலையைத் தொடுவார். தடி ஆடினால் எவ்வளவு நல்ல வலையும் சாய்ந்துவிடும். கதைக்குத் தடி என்று நான் சொல்வது, நாம் கட்டாமலே ஏற்கனவே இருக்கிற செய்திகளை. அவற்றை மாற்றக்கூடாது. தடிக்கும் தடிக்கும் இடையில் இருக்கிற வெளிதான் நம்முடையது.

தடிகள் இவைதான். நத்தார் தாத்தா என்ற உருவம் நிக்கொலாஸ் என்ற புனிதரிடமிருந்து வந்தது. அந்த நிக்கொலாஸ் ஏறக்குறைய கி.பி. 270 இல் பத்தாரா என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்ததாக மரபு சொல்கிறது. அந்த இடம் இன்றைய துருக்கியின் தெற்குக் கரையில் இருக்கிறது. தாய் தகப்பன் வசதியானவர்கள், கிறிஸ்தவர்கள். கொள்ளைநோயில் இரண்டு பேரும் இறந்துபோக, பிள்ளை ஆயராக இருந்த உறவினர் ஒருவரிடம் வளர்ந்தான். பெரியவனானதும் பக்கத்து மைரா பட்டினத்துக்கே ஆயரானான். மைராவுக்கு இப்போது தெம்ரே என்று பெயர். ஏழைத் தகப்பன் ஒருவரின் மூன்று பெண்பிள்ளைகளுக்காக இரவில் பொன் முடிச்சு எறிந்த கதை அவரைப் பற்றியதுதான். இறந்தது டிசெம்பர் 6. வருடம் 343 என்பார்கள்.

அவருடைய வரலாற்றை விரிவாக எழுதியவர்கள் அவர் இறந்து சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள். ஆகவே சின்ன வயதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கதை சொல்கிறவருக்கு அது குறையாகப் படத் தேவையில்லை. வெளி கூடக்கூட வலை பெரிது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு சொல். நாவாந்துறைக் கோயில் யாருடையது? புனித நீக்கிலார். அந்தப் பேரை முதுகில் போட்டுக்கொண்டு பெடியள் பந்தடிக்கிறார்கள். நிக்கொலாஸ்தான் நம் வாயில் நீக்கிலார். ஒல்லாந்தர் வாயில் சின்டர்கிளாஸ். அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாய்க்குப் போய் சாண்டா கிளாஸ். நான் முன்பள்ளியில் முதன்முதலாக இதைச் சொன்னபோது பிள்ளைகளைவிடக் கூட்டிக்கொண்டு போக வந்த தாய்மார்தான் வாயைப் பிளந்தார்கள். "என்ன ரீச்சர், எங்கட நீக்கிலாரோ?" ஓம், எங்கட நீக்கிலார்தான். கடலோடிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் பாதுகாவலர். மீன்பிடிக்கிற ஊரில் அவருக்குக் கோயில் எழும்பியதில் அதிசயம் என்ன இருக்கிறது?

அடுத்தது, வடதுருவத்தில் தொடங்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் பனி, பனிவீடு, கலைமான் என்று அழகாகத் தொடங்கினேன். பனி எப்படியிருக்கும் என்று காட்டுவதற்குக் குளிர்பெட்டியிலிருந்து சுரண்டி ஒரு கோப்பையில் கொண்டுபோனேன். "நத்தார் தாத்தா இருக்கிற இடம் முழுக்க இப்படித்தான் ஐஸ்" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னவன் கையை உயர்த்தினான். "அப்ப அவர் பெரிய மீன் முதலாளியோ ரீச்சர்?"

அவன்மேல் பிழையில்லை. அவனுடைய தகப்பன் விடிய நாலு மணிக்கு ஐஸ் பெட்டியோடு போகிறவர். ஐஸ் என்றால் மீன். அன்று முழுக்க நத்தார் தாத்தா நண்டும் இறாலும் ஏற்றுமதி செய்கிறவராகவே இருந்தார், என்னால் மீட்க முடியவில்லை.

வடதுருவமும் கலைமானும் எப்படியும் பிந்தி வந்தவை. எட்டுக் கலைமான்கள் 1823 இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையில் வந்த பாட்டோடு வந்தன. தோமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் 1863 முதல் வரைந்த படங்களில்தான் அந்தக் குண்டு உருவமும் வடதுருவ முகவரியும் மெல்ல மெல்ல உறுதியாகின. பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்தால் போதும். ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்து ஒட்டிய தாடியை ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் ஒட்டவேண்டிய அவசியம் இல்லை.

ஊரைக் கட்டும்போது கடலிலிருந்து தொடங்குங்கள். பத்தாரா துறைமுகம். நம் பிள்ளைகளுக்கு அதில் விளக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை. வள்ளம் தெரியும், கயிறு தெரியும், கருவாட்டு மணம் தெரியும். நீங்கள் புதிதாகக் கொடுக்கவேண்டியது ஒரேயொரு பொருள்தான்: வெளிச்சவீடு. ரோமப் பேரரசன் நீரோ காலத்தில் கட்டிய வெளிச்சவீடு ஒன்று பத்தாராவில் இருந்தது. நிக்கொலாஸ் பிறக்கும்போதே அதற்கு இருநூறு வயது. பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபடும். மின்சாரம் இல்லாத காலம், நெருப்பு எரித்துத்தான் வெளிச்சம் என்று சொல்லுங்கள். விறகு யார் சுமந்தது என்று கேட்பான். கேட்கட்டும், அதிலேயே ஒரு கிளைக்கதை கிடக்கிறது.

அந்தத் துறைமுகம் இப்போது மணல் மூடிக் கிடக்கிறது. மணற்காடு என்ற ஊரில் மணலுக்குள் புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலைப் பிள்ளைக்குக் காட்டியிருந்தால், "அதுபோல ஒரு ஊரே" என்று சொன்னால் சரி.

சாப்பாட்டை மறக்காதீர்கள். பிள்ளைகள் கதையில் சாப்பாட்டைத்தான் முதலில் நம்புகிறார்கள். அத்திப்பழம், முந்திரிகைப்பழம், ஒலிவ் எண்ணெய், பாண், மீன். மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சாமான், கொலம்பஸ் 1492 இல் அங்கே போன பிறகுதான் மற்ற நாடுகளுக்குப் பரவியது. "அப்ப அவர் மீன் குழம்பு எப்படிச் சாப்பிட்டவர்?" என்று என் பேரன் உண்மையாகவே கவலைப்பட்டான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மிளகாய் இல்லை, மிளகுதான் என்று சொன்னபோது அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது.

இனி அந்த அம்மம்மா. இவவை நாம் கட்டுகிறோம் என்பதைப் பிள்ளைக்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் கட்டவேண்டும். "அவவைப் பற்றி ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, வா நாங்கள் ரெண்டு பேரும் யோசிப்பம்." பிள்ளை பெயர் வைக்கட்டும். எங்கள் வீட்டில் அவ வெளிச்சவீட்டு ஆச்சி. பேரனுக்கு நிக்கொலாஸ் என்ற பேர் நீளமாக இருந்தபடியால் கதையில் பிள்ளை நிக்கோ.

ஆச்சி இருந்தால் ஒரு வசதி உண்டு. மரபில் நிக்கொலாசின் குழந்தைப்பருவத்தைப் பற்றி இரண்டு அற்புதங்கள் சொல்வார்கள். பிறந்த அன்றைக்கே, குளிக்க வார்க்கும்போது தொட்டிக்குள் எழும்பி நின்றாராம். புதனும் வெள்ளியும் ஒருதரம் மட்டுமே தாய்ப்பால் குடித்தாராம், விரதம். இவற்றை அப்படியே சொன்னால் கேட்கிற பிள்ளைக்கு அந்தக் குழந்தை அந்நியமாகிவிடும். நான் இரண்டையும் ஆச்சியின் வாயில் போட்டுவிட்டேன். ஆச்சி சந்தைக்குப் போகும்போது காண்கிற எல்லாரிடமும் சொல்கிறா: "எங்கட பெடியன் பிறந்த அண்டைக்கே எழும்பி நிண்டவன், தெரியுமோ?" தன் பேரனைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்லாத அம்மம்மா எந்த ஊரில் இருக்கிறா? பிள்ளைக்கும் சிரிப்பு வருகிறது, மரபும் கெடவில்லை.

நிக்கோவுக்குக் குழப்படி கொடுங்கள். கருவாடு காயப்போட்ட இடத்தில் காகம் கலைக்க விட்டால் நித்திரையாகிவிடுகிற பிள்ளை. கயிற்றில் முடிச்சுப் போடத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. புனிதர் சின்னனிலேயே புனிதராக இருந்தால் கதை முதலாம் நிமிடமே முடிந்துபோகும்.

இப்போது கதையின் நடுத்தடி. தாத்தா ஏன் இரவில் வருகிறார், ஏன் ஒருவருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போகிறார்? பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது. இதற்கு ஒரு காரணம் அவருடைய சின்ன வயதில் இருக்கவேண்டும். நான் கட்டியது இது.

நிக்கோவுக்கு ஏழு வயது. புதுத் தோல் செருப்பு. துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஒருவரின் மகன், அவனுக்கும் ஏழு வயது, வெறுங்கால். கப்பல் வந்த நேரம், சனம் நிறைந்து நிற்கிறது. நிக்கோ சட்டென்று தன் செருப்பைக் கழற்றி நீட்டுகிறான். "இந்தா, உனக்குச் செருப்பு இல்லைத்தானே!" நல்ல மனதோடுதான் சொல்கிறான், ஆனால் உரக்கச் சொல்லிவிட்டான். கப்பற்காரர், யாவாரிகள், மற்றப் பெடியள், எல்லாரும் திரும்பி அந்தப் பிள்ளையின் காலைப் பார்க்கிறார்கள். பெருவிரலில் சேறு. ஒரு நகம் கறுத்துப்போயிருக்கிறது. அவன் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்க்கிறான். முடியவில்லை. செருப்பை வாங்குகிறான், கடலுக்குள் எறிகிறான், ஓடுகிறான்.

நிக்கோ வெறுங்காலோடு அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறான். ஆச்சி முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறா: "நீ செருப்பைக் குடுத்தனியோ, அவன்ர காலைக் காட்டிக் குடுத்தனியோ?"

அடுத்த கிழமை இன்னொரு சோடி செருப்பு காணாமல் போகிறது. அந்தப் பெடியன் இரவில் படுக்கிற கவிழ்த்துப்போட்ட வள்ளத்துக்குக் கீழே அது இருக்கிறது. "எங்கையடா உன்ர செருப்பு?" என்று ஆச்சி கேட்கிறா. "தெரியாது" என்கிறான். ஆச்சிக்குத் தெரியும். அவ மற்றப் பக்கம் திரும்பி வெங்காயம் உரிக்கிறா.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கால் விரலையும் நகத்தையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கள் காலைப் பார்ப்பார்கள்.

இது எங்கே இருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது, நாங்களும் மற்றவர்களைப் போலத் தென்மராட்சிக்குப் போனோம். நத்தார் வந்தபோது சாவகச்சேரிப் பக்கம் ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். மகளுக்கு ஏழு வயது. நத்தாருக்கு முதல் கிழமை ஓர் இடத்திலிருந்து வந்து பிள்ளைகளை வரிசையில் விட்டுப் பொம்மை கொடுத்தார்கள். கொடுத்ததை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள், படம் எடுக்க. கமராவில் பில்ம் முடிந்துவிட்டது. மாற்றும் வரைக்கும் பிள்ளைகள் பொம்மையை உயர்த்தியபடி நின்றார்கள். என் மகள் அந்தப் பொம்மையோடு ஒருநாளும் விளையாடவில்லை. உடைப் பையின் அடியில் கிடந்தது.

நத்தார் விடிய எழும்பினால், அந்த வகுப்பறையில் படுத்திருந்த ஒவ்வொரு பிள்ளையின் தலைமாட்டிலும் ஒரு பனங்கட்டிக் குட்டான், பனையோலையில் இழைத்த சின்னப் பெட்டிக்குள் பனங்கட்டி. பதினொரு பிள்ளை, பதினொரு குட்டான். அந்த நேரம் சீனி விற்ற விலைக்கு அது சின்னச் சாமானில்லை. யார் வைத்தார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. எனக்குப் பக்கத்து வளவுக் கிழவர்மேல் ஒரு சந்தேகம். விபூதி பூசாமல் வெளியில் வராத மனிசன். நான் போய் மெல்லக் கேட்டபோது, "நத்தாரோ? அது எப்ப பிள்ளை?" என்று என்னையே கேட்டார்.

ஆச்சி வெங்காயம் உரிக்கிற இடம் அவரிடமிருந்து எடுத்ததுதான்.

தாய் தகப்பன் சாகிற இடத்துக்கு வருவோம். சிலர் இதை விட்டுவிடச் சொல்கிறார்கள். நான் விடமாட்டேன். எங்கள் பக்கத்து முன்பள்ளியில் எந்த வருடத்திலும் கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் பிள்ளை ஒன்றாவது இருக்கும். போரில் இழந்த பிள்ளைகள் இருந்த வருடங்கள் உண்டு. நத்தார் தாத்தாவும் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர் என்று கேட்கிற நேரம் அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்க்கும். அதை நான் பலதரம் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். "ஊரில கொள்ளைநோய் வந்தது, நிக்கோவின்ர அம்மாவும் அப்பாவும் செத்துப்போச்சினம்." அவ்வளவும் போதும். நித்திரையாகிவிட்டார்கள், தூரப் பயணம் போய்விட்டார்கள் என்று சுற்றி வளைத்தால் அன்றிரவு பிள்ளை நித்திரைக்குப் பயப்படும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். கேள்வி வந்தால் பதில். வராவிட்டால் உறவினரின் வீட்டுக்குக் கதையைக் கொண்டுபோங்கள். ஆயராக இருந்த அந்த உறவினரை நாங்கள் குஞ்சியப்பு ஆக்கிவிட்டோம். கண்டிப்பான குஞ்சியப்பு, ஆனால் இராத்திரியில் போர்வை விலகினால் இழுத்துவிடுகிறவர். ஆச்சியும் மூட்டை முடிச்சோடு கூடவே போகிறா. மரபில் இல்லாத ஆளை நாமே கொண்டுவந்துவிட்டு நடுவில் சாகடிக்கத் தேவையில்லை.

மூன்று பொன் முடிச்சுக் கதை வேறு ஊரில் எப்படியோ, யாழ்ப்பாணத்தில் அதற்கு உரையே தேவையில்லை. தகப்பனிடம் காசு இல்லை, மூன்று பெண்பிள்ளைகள், சீதனம் இல்லாமல் கலியாணம் நடக்காது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இங்கே சீதனம் என்ற சொல் காதில் விழுந்திருக்கும். மரபில் இந்த வறுமை அந்தப் பெண்களை எங்கே தள்ளப் பார்த்தது என்பதை வளர்ந்தவர்கள் வாசித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு "அவையளை விக்க வேண்டி வந்திட்டுது" என்றாலே கண் பெரிதாகும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு உண்டு, பெரியவர்களுக்கு. நம் சீதன வழக்கமெல்லாம் எழுதியிருக்கிற தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தருக்காகத் தொகுத்தவர் யாழ்ப்பாணத்தில் திசாவை என்ற ஒல்லாந்த அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். ஒல்லாந்தரிடம் கிளாஸ் என்பது நிக்கொலாஸ் என்ற பேரின் சுருக்கம். சீதனம் கொடுத்த நிக்கொலாஸ் ஒருவர், சீதனத்தை எழுதி வைத்த நிக்கொலாஸ் இன்னொருவர்.

பொன் முடிச்சுக்குப் பதில் குட்டானைக் கையில் எடுங்கள். வெறும் பனையோலைக் குட்டான் மூன்றில் மணலை நிரப்பி வாயைக் கட்டுங்கள். விளக்கை அணையுங்கள். டிசெம்பரில் வாடைக்காற்றும் மழையும் என்றால் மின்சாரம் தானாகவே போய் உதவி செய்வதும் உண்டு. பிள்ளையை வெளி விறாந்தையில் நிற்கவிட்டு யன்னலுக்குள்ளால் எறியச் சொல்லுங்கள். குட்டான் சீமெந்து நிலத்தில் விழுகிற அந்தச் சத்தம் முக்கியம். "டொப்" என்று ஒன்று, பிறகு ஓலை சரசரக்கிறது. சொல்லால் இதைச் செய்ய முடியாது, நான் முயன்று பார்த்தேன். முதல் முடிச்சு மூத்தவளுக்கு. இரண்டாவது இன்னொரு இரவு, நடுவிலாளுக்கு. மூன்றாவது இரவு தகப்பன் நித்திரை கொள்ளாமல் காவல் இருக்கிறார். ஓடிப்போய்ப் பிடித்தும் விடுகிறார். நிக்கொலாஸ் என்ன சொல்கிறார்? "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." இது நாம் கட்டியதில்லை. மரபிலேயே அப்படித்தான் இருக்கிறது. செருப்புக் கதையைச் சரியாகச் சொல்லியிருந்தால், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பிள்ளை உங்களுக்கு விளக்கும்.

பிந்திய கதைகளில் யன்னல் பூட்டியிருந்ததால் புகைக்கூட்டுக்குள்ளால் போட்டார், அது காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்தது என்று வரும். நம் பழைய அடுப்படிகளிலும் புகைக்கூடு உண்டுதான், ஆனால் பூனையே கஷ்டப்பட்டுத்தான் நுழையும். காலுறைக்கு வேண்டுமானால் பிள்ளையின் பள்ளிக்கூடச் சொக்ஸ் இருக்கிறது. தோய்த்தது. என் பேரன் தோய்க்காததைத் தொங்கவிட்டு, தாத்தா வராததற்கு அதுதான் காரணமாயிருக்குமோ என்று விடிய இரண்டு மணிக்கு என்னை எழுப்பினான்.

இதற்குப் பிறகு வேகமாகப் போகலாம். ஆயராகிறார். மைராவில் பஞ்சம் வந்தபோது தானியக் கப்பல்காரரோடு பேசி ஊருக்குத் தானியம் இறக்குவிக்கிறார். புயலில் மாட்டிய கடலோடிகள் அவரைக் கூப்பிடுகிறார்கள். இறந்து எழுநூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1087 இல், இத்தாலியின் பாரி நகரத்துக் கடலோடிகள் அவருடைய எலும்புகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இது "தாத்தாவைக் களவெடுத்த கதை". ஆண்பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

ஒல்லாந்துப் பிள்ளைகளின் சின்டர்கிளாஸ் இன்றைக்கும் கப்பலில்தான் வருகிறார், கலைமான் வண்டியில் இல்லை. டிசெம்பர் 5 வரைக்குமான நாட்களில் அவர்கள் இரவில் சப்பாத்துக்குள் கரட் வைக்கிறார்கள், அவருடைய குதிரைக்கு. சப்பாத்து என்றதும் என் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்தச் செருப்புப் பெடியனை அவர் மறக்கேல்லை என்ன?" இந்த முடிச்சை நான் போடவில்லை. அவனே போட்டான். உங்கள் பிள்ளையும் எங்கேயாவது இப்படி ஒன்று போடும், அதை அவிழ்க்காமல் அடுத்த வருடக் கதையில் சேர்த்துவிடுங்கள்.

உண்மையோ பொய்யோ என்று கேட்கிற நாள் வரும். எங்கள் வீட்டில் ஆறரை வயதில் வந்தது. தடி எது, வலை எது என்று முதலிலிருந்தே தெரிந்திருந்தால் அன்றைக்குத் தடுமாற வேண்டியதில்லை. "நீக்கிலார் இருந்தவர். பத்தாரா இருக்கு, மணலுக்குள்ள. ஆச்சியும் செருப்பும் நானும் நீயும் கட்டினது." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆச்சியை எடுக்க வேண்டாம்" என்றான். எடுக்கவில்லை.

கடைசியாக நேரம். நத்தார் இரவுக்கு இந்தக் கதையை வைக்காதீர்கள். அன்றைக்குப் பிள்ளையின் மனம் முழுக்கப் பலகாரத்திலும் புதுச்சட்டையிலும் வெடியிலும் இருக்கும். பாதிரியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் பூசையிலேயே நித்திரையாகிவிடும். டிசெம்பர் 5 இரவுதான் சரி, அடுத்தநாள் அவருடைய நாள். துறைமுகத்தில் தொடங்குங்கள், செருப்பு, குஞ்சியப்பு வீடு, பிறகு முதல் குட்டான். இரண்டாவது குட்டானுக்குள் அநேகமாகக் கண் மூடிவிடும். போர்வையை இழுத்துவிட்டு, மணல் நிரப்பிய மூன்றாவதைத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். மூன்றாவது பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைக் காலையில் கோயிலுக்கு நடக்கிற வழியில் சொல்லலாம்.